ஒண்ணே ஒண்ணுதான் கொடுத்தேன்

போன வருஷம் ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த சமயம். கிழக்குத் தாம்பரத்தில் ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன அடுக்குமாடிக் குடியிருப்பு. அதில் கீழ் வீடு எங்களுடையது. என் மகளுக்கு அப்போது பத்து வயது. சளியும் காய்ச்சலுமாக இருந்தவளை, வழக்கமாகக் காட்டுகிற குழந்தை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். தொண்டையைப் பார்த்து முடித்த டாக்டர், அவள் சட்டைக் காலரை விலக்கிக் கழுத்தின் பின்பக்கத்தைப் பார்த்தார். "இந்தக் கருப்பு எவ்வளவு நாளா இருக்கு?" என்று கேட்டார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அதை நான் அழுக்கு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பயத்தமாவில் தயிரைக் கலந்து, பீர்க்கங்காய் நாரை வைத்து, அவள் கத்தக் கத்தத் தேய்ப்பேன். தோல் சிவக்குமே தவிர, கருப்பு போகாது. "ஸ்கூல்ல மண்ணுல புரண்டுட்டு வர்றா டாக்டர், நானும் தேய்ச்சுத்தான் பாக்கறேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அது அழுக்கில்லை, எத்தனை தேய்த்தாலும் போகாது, எடை கூடுகிற பிள்ளைகளில் சிலருக்கு இப்படி வரும், கவனிக்காமல் விட்டால் பின்னால் சர்க்கரை வரக்கூடும் என்று எச்சரிக்கிற அடையாளம் என்றார்.

சர்க்கரை எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. என் கணவர் இளம் வயதிலிருந்தே மாத்திரை போடுகிறார். அவருடைய அப்பாவுக்கு அதில்தான் கால் விரல் போனது. ஆனாலும் பத்து வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அந்த வார்த்தையைக் கேட்பது வேறு. என் மகளோ டாக்டரின் மேசையில் இருந்த பிளாஸ்டிக் காதுக்குள் விரலை விட்டு விளையாடிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "டயட்டுன்னு பட்டினி போட்டுடாதீங்க. எடை குறையணும்னு கூட இல்ல, ஏறாம இருந்தா போதும். உயரம் வளர வளர சரியா வந்துடும். பாக்கெட் நொறுக்கு, ஜூஸ், இனிப்பு வேணாம். தினமும் நல்லா மூச்சு வாங்கற மாதிரி ஓடி ஆடட்டும். அவளுக்கு மட்டும் தனிச் சாப்பாடு செய்யாதீங்க, எல்லாரும் ஒண்ணையே சாப்பிடுங்க." கேட்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருந்தது. ஆட்டோவில் வரும்போது குழம்ப ஆரம்பித்தேன். எடை அதிகம் என்கிறார், குறைக்கவும் வேண்டாம் என்கிறார். நொறுக்குத் தீனி கூடாது என்கிறார், பட்டினியும் கூடாது என்கிறார். அப்படியென்றால் சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து பசியோடு வருகிற பிள்ளைக்கு நான் எதைத்தான் கொடுப்பது?

நம் ஊரில் யோசனைக்கா பஞ்சம்? ஆபீஸ் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவள், சாதத்தை நிறுத்து, சப்பாத்தி கொடு என்றாள். எதிர் சீட்டுக்காரி, கோதுமைதான் விஷம், சிறுதானியம் கொடு என்றாள். சாமையில் பொங்கல் செய்தேன். பசைபோல ஒட்டிக்கொண்ட அதை நானே முழுங்க முடியாமல் முழுங்கினேன். வெறும் வயிற்றில் சுடுதண்ணீரில் தேன் என்றார் ஒருவர். தேனே சர்க்கரைதான் என்றார் இன்னொருவர். மதுரையில் இருக்கும் என் அக்காவிடம் போனில் சொன்னதற்கு, "வளர்ற பொண்ணைப் போய் குண்டு குண்டுன்னு நீயே கண்ணு வைக்கிறியேடி! உப்பு மிளகாய் சுத்திப் போடு முதல்ல" என்று திட்டினாள். சுற்றியும் போட்டேன். எதையும் விடவில்லை.

கடைசியில் டாக்டர் சொன்னதையே பிடித்துக்கொண்டேன். பிஸ்கட் டப்பாவைக் காலி செய்தேன். சாயங்காலத்துக்குச் சுண்டல், இல்லாவிட்டால் வெள்ளரிக்காய், கொய்யா. தட்டில் பாதிக்குக் காய். ஓடி ஆடுவதுதான் பிரச்சினை. எங்கள் தெருவில் பிள்ளைகள் விளையாட இடம் கிடையாது. இருக்கிற இடத்தில் கார்கள் நிற்கின்றன. நான் நாவலூரில் வேலை பார்க்கிறேன். மேடவாக்கம் வழியாகப் பஸ் பிடித்து வீடு வந்து சேர இருட்டிவிடும். என் கணவருக்குத் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. சில நாள் நாலு மணிக்கே வருவார், சில நாள் வரமாட்டார். ஏரிப் பக்கம் நடக்கலாம் என்றால் பத்து வயதுப் பெண்ணைத் தனியாக எப்படி அனுப்புவது?

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் கட்டிடத்தில் லிப்ட் கிடையாது. கேட்டிலிருந்து மொட்டைமாடி வரை படிக்கட்டு. சாயங்காலம் ஹோம்ஒர்க் முடித்துவிட்டு கேட்டைத் தொட வேண்டும், மேலே ஏறி மொட்டைமாடிக் கதவைத் தொட வேண்டும், மறுபடி கேட். ஓடுகிற மாதிரியும் ஆச்சு, கட்டிடத்தை விட்டு வெளியே போகாத மாதிரியும் ஆச்சு. எல்லாரும் தெரிந்தவர்கள், பயமில்லை. இதைக் கண்டுபிடித்ததற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன். டாக்டரும் நல்ல யோசனை என்றார்.

என் மகளும் முரண்டு பிடிக்கவில்லை. தினமும் ஏறி இறங்கினாள். முதல் மாடியில் இருக்கும் கணக்கு டீச்சரக்காவும் இரண்டாம் மாடி பாய் வீட்டு அக்காவும், "உன் பொண்ணு சொன்ன பேச்சு தட்டாம ஏறி இறங்கறாம்மா" என்று சர்டிபிகேட் கொடுத்தார்கள். மாதம் முடிந்து டாக்டரிடம் போனோம். எடை ஏறியிருந்தது.

அடுத்த மாதம் இன்னும் ஏறியிருந்தது.

மிஷின் கோளாறாக இருக்கும் என்றார் என் கணவர். சும்மா சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை பைக்கில் உட்காரவைத்து, திருமுடிவாக்கத்தில் நண்பர் ஒருவரின் பட்டறைக்குக் கூட்டிப்போய், இரும்புத் தகடு எடை போடுகிற மேடையில் நிற்க வைத்திருக்கிறார். அது இன்னும் கொஞ்சம் கூட்டிக் காட்டியதாம். ஷூவோடு நிறுத்தினால் காட்டாமல் என்ன செய்யும்? என் மகளுக்கு மட்டும் அந்தப் பயணம் ரொம்பப் பிடித்துப்போனது.

டாக்டருக்கும் புரியவில்லை. சாப்பிடுவதையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பித்தேன். "இதுக்கு ஏறக்கூடாதே" என்று யோசித்தார். தைராய்டு இருக்குமோ என்று ரத்தம் எடுக்கச் சொன்னார். ஊசியைப் பார்த்து அவள் அழுத அழுகையில் லேப் பெண்ணே கண் கலங்கினாள். அதில் ஒன்றும் இல்லை. "இந்த மாசமும் ஏறிச்சுன்னா இன்னும் சில டெஸ்ட் எடுக்கணும், பெரிய ஆஸ்பத்திரியில இதுக்குன்னு இருக்கற டாக்டரைப் பாக்கணும்" என்றார். அன்றிலிருந்து என் நிம்மதி போனது. பள்ளிக்கூட கேண்டீனைச் சந்தேகப்பட்டேன். அவள் பையைத் துழாவினேன். அவள் தூங்கும்போது கழுத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன். எங்கள் பரம்பரை நோய் இவளை இப்போதே பிடித்துவிட்டதோ என்று பயமாக இருந்தது. பயத்தைவிடப் பெரிய இம்சை, எங்கே தப்பு நடக்கிறது என்றே தெரியாமல் முழிப்பதுதான்.

ஐப்பசியில் ஒரு நாள். பலத்த மழை வரும் என்று சொல்லி ஆபீஸில் மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பஸ் ஊர்ந்து ஊர்ந்து, முழங்கால் வரை நனைந்து, சாயங்காலம் காபி நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தேன். எங்கள் கேட்டுக்கு வெளியே இஸ்திரி வண்டி போட்டிருக்கும் அக்கா, மழைக்காக வண்டியைக் கார் நிறுத்துகிற இடத்துக்குள் தள்ளியிருந்தார். என்னைக் கண்டதும் ஒரு காகிதப் பொட்டலத்தை இஸ்திரித் துணிக்கு அடியில் சட்டென்று செருகினார்.

"இன்னாம்மா, இன்னிக்கு இம்மாம் சீக்கிரமா வந்துட்டே!" என்றார். அவ்வளவு சத்தமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. மழைக்குக் காது கேட்காது என்று கத்துகிறாராக்கும் என்று நினைத்தேன். மேலே நிமிர்ந்து பார்த்து மறுபடியும், "அம்மா வந்துகினு கீது!" என்று கத்தினார். யாருக்குச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

மகளைப் பார்க்கலாம் என்று படியேறினேன். மேலே தடதடவென்று ஓடிய காலடிச் சத்தம் முதல் மாடியில் நின்றது. நின்றது நின்றதுதான், மறுபடி கிளம்பவில்லை. நான் படி வளைவில் திரும்பி மேலே ஏறியபோது டீச்சரக்கா வாசலில் ஒரு தட்டோடு நின்றுகொண்டிருந்தார். தட்டில் அச்சுமுறுக்கு. ஒரு முறுக்கின் பாதி என் மகள் கையில், மீதி அவள் வாயில். மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் என்னைப் பார்த்தாள்.

"என்னக்கா இது?" என்றேன்.

"ஒண்ணே ஒண்ணுதாம்மா கொடுத்தேன்" என்றார் டீச்சரக்கா. கணக்குத் தப்பாகப் போட்ட பிள்ளை மாதிரி அவர் முகம் ஆகிவிட்டது. "இந்த வயசுல பிள்ளை மூச்சு வாங்க வாங்க ஏறுது, இறங்குது. கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு அதை எப்படிம்மா சும்மா பார்த்துட்டு இருக்க முடியும்?"

நான் பதில் சொல்வதற்குள் மேல்மாடியிலிருந்து பாய் வீட்டு அக்காவின் குரல் வந்தது. "எங்கடா செல்லம், இன்னிக்கு ஆளையே காணோம்? சமோசா ஆறுது பாரு!"

அது முடியவில்லை, அதற்கும் மேலே, மொட்டைமாடிக் கதவுப் பக்கத்திலிருந்து இன்னொரு குரல். என் கல்யாணத்திலிருந்து எனக்குப் பழக்கமான குரல். "பாப்பா, பஜ்ஜி சூடா இருக்கு. அம்மா வர்றதுக்குள்ள வந்துடு!"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "அம்மா வந்தாச்சு! எல்லாரும் கீழே வாங்க!" என்று போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டிடத்தில் கூட ஒருத்தர் எட்டிப் பார்த்தார். பாய் வீட்டு அக்கா சமோசாவோடு இறங்கி வந்தார். என் கணவர் எண்ணெய் ஊறிய பொட்டலத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வந்தார். மறைத்து என்ன பிரயோஜனம், வாசனைதான் முன்னால் வருகிறதே. கீழேயிருந்து இஸ்திரி அக்காவும் ஏறி வந்துவிட்டார். கையில் கடலைமிட்டாய்.

"எத்தனை நாளா நடக்குது இது?" என்று கேட்டேன். அப்போதுதான் அந்த வேடிக்கை தெரிந்தது. ஒருவர் கொடுப்பது இன்னொருவருக்குத் தெரியாது. ஒவ்வொருவரும் தான் மட்டும்தான், அதுவும் ஒன்றே ஒன்றுதான் கொடுப்பதாக நினைத்திருக்கிறார்கள். "நான் ஒரே ஒரு சமோசா, அதுவும் சின்னதா மடிச்சது" என்றார் பாய் வீட்டு அக்கா. "நீங்களும் கொடுத்தீங்களா?" என்று டீச்சரக்காவை ஆச்சரியமாகப் பார்த்தார். "கொழந்த மூச்சு வாங்கிகினு கேட்டாண்ட வந்து நிக்குது. மன்சு கேக்குதா? ஒரு மிட்டாயி, அவ்ளோதான்" என்றார் இஸ்திரி அக்கா. எடை ஏறாமல் இருக்க நான் அமைத்துக் கொடுத்த பாதையில் மாடிக்கு மாடி சுங்கச்சாவடி. ஒரே வித்தியாசம், இங்கே வண்டிதான் வசூல் செய்துகொண்டு போயிருக்கிறது!

"நீங்க பெத்த அப்பன்தானே, உங்களுக்கு எங்க போச்சு புத்தி?" என்று என் கணவரிடம் பாய்ந்தேன். அவர் பொட்டலத்தைப் படியில் வைத்தார். பிறகு மெதுவாக, "நீ மட்டும் என்ன? காலைல அவ பால்ல கலக்கறியே, அந்த டப்பா எங்க இருக்கு?" என்றார்.

சத்தான மாவு என்று கடையில் விற்கிற, பாதிக்கு மேல் சர்க்கரையான அந்த டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டதாக டாக்டரிடமே சொல்லியிருந்தேன். தூக்கித்தான் போட்டேன். வெறும் பாலைப் பார்த்து மகள் முகம் சுருங்கியதும் மறுநாளே புதிதாக ஒன்று வாங்கி, அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்துவிட்டேன்.

"ஒரே ஒரு ஸ்பூன்தான்" என்றேன். சொல்லும்போதே எனக்குக் கேட்டுவிட்டது, மற்றவர்கள் சொன்ன அதே ராகம். முதலில் சிரித்தது இஸ்திரி அக்காதான். பிறகு எல்லாரும் சிரித்தோம். டீச்சரக்கா விரல் விட்டு, "ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு..." என்று கூட்ட ஆரம்பித்து, அடுத்த கைக்குப் போகும்போது நிறுத்திக்கொண்டார்.

சிரிக்காதது என் மகள் மட்டும்தான். படியில் உட்கார்ந்து, கையிலிருந்த பாதி முறுக்கை என்ன செய்வது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு மறுபடி கோபம் அவள் பக்கம் திரும்பியது. "உனக்குத் தெரியாதா? டாக்டர் சொன்னாரா இல்லையா? வேணாம்னு சொல்ல வாய் இல்லையா?" என்று கேட்டேன்.

"சொன்னேம்மா" என்றாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. "முதல் நாள் எல்லார்கிட்டயும் வேணாம்னுதான் சொன்னேன். டீச்சராண்ட்டி மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு. அப்பா மேல தனியா உக்காந்துட்டு இருந்தாரு, நான் எடுத்துக்கிட்டாதான் சிரிச்சாரு. நீயும் அப்படித்தான். நான் டம்ளரைக் காலி பண்ணாதான் பஸ்ஸுக்கு நிம்மதியா போற." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "எனக்குப் பசிக்கவே இல்லம்மா. நான் எல்லாருக்காகவும் ஒண்ணே ஒண்ணுதான் சாப்ட்டேன்."

டீச்சரக்கா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அழுகிறார் என்று தெரிந்தது. என் கணவர் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். சாப்பாட்டை வேண்டாம் என்று தள்ளக்கூடாது, பெரியவர்கள் கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அவள் நடக்கப் பழகிய நாளிலிருந்து சொல்லிக்கொடுத்தவர்கள் நாங்கள்தான். அதை ஒழுங்காகக் கேட்ட பிள்ளைக்குத்தான் ஊசி குத்தி ரத்தம் எடுக்க வைத்தோம்.

டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், அரிசி டின் உட்பட. அவர் திட்டுவார் என்று நினைத்தேன். சிரித்துவிட்டு, "அப்ப டெஸ்ட் வேணாம், இன்னும் ரெண்டு மாசம் பாக்கலாம்" என்றார்.

அதற்கப்புறம் எல்லாம் தலைகீழாக மாறிவிட்டது என்று சொன்னால் பொய். பாய் வீட்டு அக்கா சாயங்காலத்தில் மொட்டைமாடியில் அவளோடு ஸ்கிப்பிங் ஆடுகிறார். முதல் நாள் ஆடிவிட்டு இரண்டு நாள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தார், ஆனாலும் விடவில்லை. இஸ்திரி அக்கா தரையில் கரித்துண்டால் கட்டம் போட்டு நொண்டி ஆடச் சொல்லிக்கொடுத்தார். சீக்கிரம் வருகிற நாளில் என் கணவர் ஏரிக்கரைக்கு அழைத்துப் போகிறார், பஜ்ஜிக் கடை இல்லாத பக்கமாக. டீச்சரக்காதான் தேறவில்லை. அச்சுமுறுக்குக்குப் பதிலாகக் கொய்யாத் துண்டு நீட்டுகிறார். அது சரியா, தப்பா? அதுவும் எனக்குத் தெரியவில்லை. எடை குறையவில்லை, ஏறுவது நின்றிருக்கிறது. உயரம் கூடியிருக்கிறது. கழுத்துக் கருப்பு கொஞ்சம் வெளுத்த மாதிரி இருக்கிறது. நிஜமாகவே வெளுத்திருக்கிறதா, என் ஆசை அப்படிக் காட்டுகிறதா என்று கேட்டால், சத்தியமாகச் சொல்லத் தெரியாது.

சமீபத்தில் ஒரு நாள் ஆபீஸில் மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, பேயறைந்த முகத்தோடு வீட்டுக்கு வந்தேன். என் மகள் என் முகத்தைப் பார்த்தாள். உள்ளே போய், வீட்டில் இருந்த கடைசி வாழைப்பழத்தைத் தட்டில் வைத்து எடுத்துவந்து நீட்டினாள். "சாப்பிடும்மா, ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு" என்றாள். எனக்கு எதுவும் இறங்குகிற நிலைமை இல்லை. "வேணாம்டா" என்றேன். அவள் முகம் வாடியது.

அந்த வாட்டத்தைப் பார்த்ததும் என் கை தானாகப் பழத்தை எடுத்து உரித்தது. பசியே இல்லாமல் பாதியைத் தின்ற பிறகுதான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. மீதியைத் தட்டில் வைத்துவிட்டு, "இது போதும்டா, எனக்குப் பசியில்ல. ஏரி வரைக்கும் என்கூட நடந்து வர்றியா?" என்று கேட்டேன். துள்ளிக் குதித்துச் செருப்பைத் தேட ஓடினாள்.

பிரியமானவர்கள் நீட்டுகிற ஒன்றை வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அந்தத் தைரியத்தை ஒரு பத்து வயதுக் குழந்தையிடம் எதிர்பார்த்துவிட்டு, எடை ஏன் ஏறுகிறது என்று இரும்பு நிறுக்கிற மேடையைப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தோமே என்று நினைத்தால் இப்போதும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வருகிறது.